கருமத்தம்பட்டி ஜன்னலில் பதினொரு செல்போன்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை நான் கருமத்தம்பட்டி போனது, உண்மையைச் சொன்னால், நிவேதாவைத் தோற்கடிக்க. அலுவலகத்தில் அவள் என் பக்கத்து மேசைக்காரி. செல்போன் டவர்களுக்கு மென்பொருள் எழுதுவது எங்கள் வேலை.

டவர் எதை அனுப்பினாலும் போன் 'வந்தது' அல்லது 'வரவில்லை' என்று ஒரு குட்டிப் பதில் அனுப்பும். பல போன்களின் பதில்கள் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் வந்து விழும். எது யாருடையது என்று பிரிக்க வேண்டும். என் முறை, உரக்கக் கேட்பதை முதலில் பிரித்துக் கழித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். அவளுடையது எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிடும். இரண்டில் ஒன்றுதான் டவர் ஏறும். என்னுடையது இரண்டு வருட உழைப்பு, அவளுடையது எட்டே மாதம். எனக்கு வயிறு எரியாதா?

காந்திபுரத்தில் காலை 7.10க்குப் பேருந்து. 25 கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம், 28 ரூபாய். இடப்பக்கம் உட்காருங்கள், வலப்பக்கம் வெயில். இறங்கி 2 கிலோமீட்டர் ஆட்டோ, 60 ரூபாய்.

ஒரு விசைத்தறிக் கூடத்துத் தொழிலாளர்களிடம் சோதனைக்காகப் பதினொரு போன்களை ஒன்பது மாதம் முன்பே கொடுத்திருந்தோம். பக்கத்து மாடியில் எங்கள் சோதனை டவர். போன்கள் ஆளுக்கொரு மூலையில் சட்டைப்பையில் இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பலத்தில் கேட்கும் என்று நம்பித்தான் என் முறையையே கட்டியிருந்தேன். உள்ளே போனால், பதினொன்றும் ஒரே ஜன்னல் திட்டில் வரிசையாகக் கிடந்தன. ஏன் இங்கே என்று கேட்டேன்.

"தகரக் கூரைக்குள்ள டவர் எடுக்காதுங்க. தறிச் சத்தத்துல மணியும் கேக்காது. இங்க வெச்சா லைட்டு எரியறது தெரியுமுங்க," என்று காதோரம் கத்தினார் உரிமையாளர் பழனிச்சாமி. "போன் குடுக்க வந்த அம்மணியும் இதையேதான் கேட்டாங்க. அரை நாளு உக்காந்து பாத்துட்டுத்தான் போனாங்க."

கூரியரில் அனுப்ப வேண்டிய போனுக்கு ஒரு ஆளா என்று அன்று நிவேதாவைக் கிண்டலடித்தவன் நான்தான்.

எல்லாப் போனும் ஒரே பலத்தில் கேட்டதால் என் முறை முதல் பதிலையே தப்பாகப் பிரித்தது. அந்தத் தப்பு மற்றவற்றையும் கெடுத்தது. அவளுடையது பதினொன்றையும் பிரித்தது. இரண்டையும் நாலு தடவை ஓட்டினேன், நாலு தடவையும் அதேதான். அவள்மேல் அப்படியொரு பொறாமை வந்தது. போன்களை நாலு மூலைக்கும் பிரித்து வைக்க முடியுமா என்று கூசாமல் கேட்டேன்.

"வெச்சுப்போடலாமுங்க. நீங்க போனதுக்கப்புறம் மறுக்கா இங்கதானுங்க வெப்பாங்க," என்றார் பழனிச்சாமி.

முடிவை இருந்தபடியே அலுவலகத்துக்கு அனுப்பினேன். திரும்பும் பேருந்தில் நிவேதா அழைத்தாள். "உங்க முறைய உட்டுப்போடாதீங்கண்ணா. ஆளுங்க பரவி நிக்கற எடத்துக்கு அதுதான் சரி. ரெண்டையும் சேத்துப் பண்ணலாம்." திறமையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பொறுத்திருப்பேன். நல்ல மனசும் அவளுக்கே வேண்டுமா?

இப்படிச் சோதனைக்குப் போகிறவர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டுபோங்கள். மதியச் சாப்பாட்டை 12.30க்குள் முடித்துவிடுங்கள், பிறகு ஓட்டலில் கூட்டம். எழுதி முடித்துவிட்டுப் போகாதீர்கள், போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். இந்த அறிவுரையையாவது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஆசை. அதுவும் அவளுடையதுதான்.