செவ்வாய்க்கிழமைக் கறி

எழுபதுகளின் நடுவில் நானும் கணவரும் ஒரு பழைய வேனுக்குள்ளேயே குடியிருந்தோம். அடுத்து, வேனை நிறுத்தித் தங்கும் எந்தக் கரவன் பார்க்கில் நிற்கப்போகிறோமோ, அதன் விலாசத்தை முன்கூட்டியே யாழ்ப்பாணத்தில் என் அப்பா வீட்டுக்கு எழுதிவிடுவோம். அந்த முறை மெல்பேர்ன் விலாசம் கொடுத்திருந்தோம். சிட்னியிலிருந்து பாதி வழியில் கியர்பொக்ஸ் உடைந்தது.

“சாமான் வர ஒரு கிழமைக்கு மேல செல்லுமாம்,” என்றார் கணவர்.

“நீங்களும் உங்கட வேனும்!” என்று கத்தினேன். இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. செவ்வாய்க்கிழமைதான் கோபம் ஆறியது. ஆட்டிறைச்சி வாங்கி உறைப்பாகக் கறி வைத்தேன். வேனைத் திருத்தக் கொடுத்திருந்த கராஜின் பின்புறம், வேனின் படியில் குந்தியிருந்து, வயிறு நோகச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டோம்.

ஒருவழியாக மெல்பேர்ன் போய்ச் சேர்ந்தபோது, கரவன் பார்க் அலுவலகத்தில் ஒரு தந்தியை எடுத்து நீட்டினார்கள். அப்பா காலமாகிவிட்டார், செவ்வாய்க்கிழமை தகனம் என்று இருந்தது. நான் கறி வைத்த அதே செவ்வாய்.

“வேன் பழுதாகாட்டிலும் ஊருக்குப் போயிருக்கேலாது,” என்றார் கணவர், மெதுவாக.

உண்மைதான். போயிருக்க முடியாது. ஆனால் தந்தி நேரத்துக்குக் கைக்கு வந்திருந்தால், அன்றைக்கு நான் இறைச்சி சமைத்திருக்க மாட்டேன். அழவேண்டிய நாளில் அழுதிருப்பேன்.