கொம்பியூட்டரில் வட்டக்கச்சி இல்லை

இன்று கொம்பியூட்டர் வகுப்பில் இருந்தவர்கள்: கொழும்பிலிருந்து படிப்பிக்க வந்த ரஞ்சன் மாஸ்டர், பதிவு வேலை செய்யும் மலர், என் மருமகள் வசந்தி, அவளை ஏற்ற வந்த என் மகன் சிவநேசன், சோறு கொண்டுபோன நான்.

வவுனியாவுக்கு இடம்பெயர்ந்து வந்த எங்கள் விபரமெல்லாம் அந்தக் கொம்பியூட்டரில்தான் இருக்கிறது. அதைக் கூட்டிப் பிரித்து, எந்த ஊருக்கு எத்தனை குடும்பம் திரும்பும், எங்கே விதைநெல் அனுப்புவது என்று படம் போட்டுப் பார்க்கப் பழக்குகிறார்கள்.

"எங்கட குடும்பத்தைக் காட்டு பிள்ளை" என்றேன்.

வசந்தி தட்டினாள். திரும்பும் ஊர் துணுக்காய் என்று வந்தது.

"நான் வட்டக்கச்சியெல்லே! என்ர வயல் அங்கை கிடக்கு."

"ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு ஊர்தான் அம்மா" என்றார் மாஸ்டர். "குடும்பத் தலைவர் சொன்னதைத்தான் போடலாம்."

"கடைசியா துணுக்காயில என்ர சீதன வீட்டிலதானே மாமி இருந்தனாங்கள்" என்றாள் வசந்தி மெல்ல.

"அப்ப என்னையும் சீதனத்தோட சேர்த்து எழுதிப்போட்டியளோ?"

மலர் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெல் துணுக்காய்க்குப் போனால் நான் எதை விதைப்பது?

தனி அட்டை கேட்டேன். அதற்கும் குடும்பத் தலைவரான மகன் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

"பிறகு பாப்பம் அம்மா" என்று அவன் சைக்கிளைத் திருப்பினான்.

திரும்பி வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உங்கள் பிள்ளைகள் உங்களை எந்த ஊரில் போட்டிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.

வசந்தி நான் கேட்டதைத் தட்டிக் காட்டினவள்தான், அவளோடு கோபமில்லை. வட்டக்கச்சி நெல்லைத் தின்று வளர்ந்துவிட்டு, பதிவில் ஊரைக் கேட்ட உடனே துணுக்காய் என்று சொன்னவனை மன்னிக்க மாட்டேன். அவன் சிவநேசன்.