மிஷின் ஆறட்டும்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. ஆகட்டும். இதை இன்னொருவர் கையில் எழுதக் கொடுக்க எனக்கு மனசில்லை.

நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வரிசையில் எங்களுக்கு ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. முன்னறையில் மூன்று மிஷின், பின்னறையில் குடித்தனம். கூட்டம் கூடியது ஒரே மிஷினுக்குத்தான். அது அடிதடி ஆட்டம். திரையில் ஒரு தெரு நகர்ந்துகொண்டே போகும். நம் ஆள் நடக்க நடக்க ரவுடிகள் சூழ்ந்துகொள்வார்கள். குத்தி, உதைத்து, தூக்கி வீசி வழி பண்ணிக்கொண்டு போக வேண்டும். தெருவில் கிடக்கும் பீப்பாயை உடைத்தால் உள்ளே வறுத்த முழுக்கோழி இருக்கும். அதைத் தின்றால் போன உயிர் ஏறும். தெருவில் கிடக்கிற கோழியைத் தின்கிறானே என்று முதலில் எனக்குக் குமட்டியது. இப்படி ஆறு தெரு. ஆறாவதில் பெரிய ரவுடி.

மத்தியானம் உலை கொதிக்கும் நேரத்தில் என் வீட்டுக்காரர்தான் கற்றுக்கொடுத்தார். ஒரே மாதத்தில் ஆறு தெருவையும் முடித்தேன். குத்துகிற பட்டன் எது என்று மறக்காமலிருக்க, அதன் மேல் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன்.

அதன்பின் அவர் ஒரு பந்தயம் வைத்தார். "எம் பொண்டாட்டிய முந்துறவனுக்கு அரை மணி நேரம் சும்மா!" வெல்டர்கள், பெயிண்டர்கள், டிரைவர்கள் என்று வந்து ஆடினார்கள். பெரும்பாலும் மூன்றாம் தெருவில் விழுவார்கள். உடனே அவர், "மிஷின் சூடாயிருச்சு, ஆறட்டும். போய் டீ குடிச்சுட்டு வாங்க" என்று கரண்டை நிறுத்துவார். இடுப்பிலிருந்த சாவியால் மிஷினின் பின்கதவைத் திறந்து, உள்ளே விசிறியைக் காட்டுவார். மிஷின் ஆறிய பிறகு, நான் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்பேன். ஒருவரும் என்னை முந்தியதில்லை. பேப்பரைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறவள். ஆனால் அந்த வரிசையில் நான் நடந்தால் பட்டறை ஆட்கள் ஒதுங்கி வழி விடுவார்கள். அந்த நடையை நான் இன்றுவரை விடவில்லை.

போன மாதம் மல்லசமுத்திரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு, பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் இருவரும் ஓர் ஓட்டலில் டீ குடிக்க நுழைந்தோம். கல்லாவில் இருந்தவர் எழுந்து ஓடி வந்தார்.

"அக்கா! என்னையத் தெரியலீங்களா? பெயிண்டர் பட்டறையில இருந்தவனுங்க. உங்ககிட்டப் பதினாறு தடவ தோத்தவன்!"

"பதினேழு" என்றேன்.

பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

மூலையில் எங்கள் மிஷின் நின்றது. பழைய இரும்புக் கடையில் கிடந்ததை வாங்கிச் சரிபண்ணி வைத்திருக்கிறார். பட்டன் மேல் என் பொட்டு, நிறம் வெளுத்து, அப்படியே இருந்தது.

"ஒரு ஆட்டம் போடுங்கக்கா, ஓட்டலே பாக்கட்டும்."

நின்றேன். முதல் தெருவிலேயே இரண்டு உயிர் போனது. இரண்டாம் தெரு தொடக்கத்தில் மூன்றாவதும் போனது. என் விரலுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"உங்க மேல தப்பில்லீங்கக்கா. நான் ஆட்டத்தக் கஷ்டத்துல வெச்சிருக்கறனுங்க. புள்ளைங்க சட்டுனு தோத்து எந்திரிச்சாத்தான் அடுத்த டேபிளுக்கு எடம் கெடைக்கும். இருங்க, உங்க செவப்புக்கு மாத்தித் தாரேன்."

"என்ன செவப்பு?"

பின்கதவைத் திறந்து காட்டினார். பச்சைப் பலகையில் அரிசி அரிசியாக வெள்ளை சுவிட்சுகள். அதில் இரண்டின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி. "இந்த ரெண்டையும் புள்ளிப் பக்கம் தள்ளுனா ரவுடிங்க பாதியாயிருவானுங்க, அடியும் மெதுவா உழுகும். வாங்குன அன்னைக்கே பாத்தேனுங்க. புருசனும் பொண்டாட்டியுமாச் சேந்து எங்கள என்னமா ஏமாத்திப் போட்டீங்க!"

அவர் குரலில் கோபமே இல்லை. அது எனக்கு இன்னும் சுட்டது.

புள்ளியை உற்றுப் பார்த்தேன். அது என் நெயில் பாலிஷ். சேந்தமங்கலம் தேர்க்கடையில் ஆசைப்பட்டு வாங்கிய பாட்டில். நான் திறக்குமுன்பே அது குறைந்திருந்ததற்கு, விருந்துக்கு வந்திருந்த என் வீட்டுக்காரரின் தங்கையை நான் திருடி என்றேன். அந்தப் பெண் அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "அவளுக்குத் தெரியாது" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்று நானே சொன்னால் முட்டாள். சும்மா இருந்தால் திருடி. சிரித்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பஸ்ஸில் கேட்டேன். "ஏனுங்க, எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்தே."

"எங்கிட்ட ஏன் சொல்லுல?"

"சொன்னா உன்ற மூஞ்சியே காட்டிக் குடுத்துருமே புள்ள. உனக்குப் பொய் வராது." பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார்.

"ஒருக்காவாச்சும் மாத்தாம ஆட உட்டீங்களா?"

"ஒருக்கா. ஆளில்லாத நேரம், மூணாந் தெருவுலயே உழுந்துட்ட. தலவலின்னு துணியக் கட்டிட்டுப் படுத்துட்ட. பாக்க முடியல, அப்பறம் உடல."

அந்தத் தலைவலி எனக்கு நினைவிருக்கிறது. நிஜமான தலைவலி என்றே இத்தனை வருஷமாக நம்பியிருந்தேன்.

"அந்தத் தம்பிகிட்ட ஏனுங்க வாயத் தொறக்குல? உங்க தங்கச்சி அழுதப்பவும் இப்பிடித்தான் உக்காந்திருந்தீங்க."

"பழசக் கெளறி என்னத்துக்கு?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை நான் தனியாக அந்த ஓட்டலுக்குப் போனேன். "தம்பி, அந்தப் புள்ளி எனக்குத் தெரியாது" என்றேன்.

"அட, உடுங்கக்கா!" என்று சிரித்தார். நம்பவில்லை.

"மாத்தாத. கஷ்டத்துலயே இருக்கட்டும்."

முதல் ஆட்டம் இரண்டாம் தெருவில் முடிந்தது. இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவது ஆட்டத்தில் மூன்றாம் தெருவுக்குள் நுழைந்து, ஒரு பீப்பாயை உடைத்துக் கோழியும் தின்றேன். அதற்கப்புறம் விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் ஓட்டல்காரர் பின்னால் நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நெசமாலுமே தெரியாதுங்களாக்கா?"

"ஒருக்காச் சொல்லிட்டேன்."

பஸ் ஏறும்வரை கூடவே வந்தார்.

வீட்டில் என் வீட்டுக்காரர், "எங்க போயிருந்த?" என்று கேட்டார்.

"தோக்கப் போயிருந்தேன்."

சோறு போட்டேன். அவர் கை கழுவி வந்து உட்கார்ந்ததும், அவருடைய தங்கைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, இருவருக்கும் நடுவே வைத்தேன்.

"அண்ணி? என்னங்கண்ணி, திடீர்னு?" என்றது போன். "அண்ணி, கேக்குதுங்களா?"

போனை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். பேசட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.