பாலிங் திடலில் ஒரு சாக்குக் கால்சட்டை

ஓட்டப் பயிற்சி கொடுக்கும் இளைஞர்கள் என்னைப் பார்த்தால் தவறாமல் கேட்பது, "சார், பிள்ளைகளுக்கு மோட்டிவேஷன் எப்படிக் கொடுக்கிறது?" என்பதுதான். பல வருஷம் பள்ளிக்கூடத் திடல்களில் விசில் ஊதியவன் ஆயிற்றே, பதிலைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன் என்ற நினைப்பு. நானும் எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையைச் சொல்வதென்றால், ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் நான் வெட்கப்பட்டு நின்ற ஒரு மத்தியானத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1. டிரில் வாத்தியார்

வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டு ஓடிவிட்டார். ஆபீஸ் குமாஸ்தாவான பெரிய கிராணிதான் ஜப்பான்காரனுக்குத் தலையாட்டிக்கொண்டு நிர்வாகத்தைப் பார்த்தார். பாலிங் டவுனுக்குப் போகும் பாதையோரம் எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னைக் கிராணி ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, நாளையிலேருந்து நீங்கதான் டிரில் மாஸ்டர்லா. பாலிங்குல ஸ்போர்ட்ஸ் வைக்கிறானுங்க. ஒவ்வொரு தோட்டமும் ஒரு ஓட்டக்காரன அனுப்பணுமாம். நம்ம ஆளு கேவலமா தோத்தா மொதல்ல எனக்குக் கன்னத்துல விழும். அப்புறம் ஒங்களுக்கு."

எனக்கு ஓட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஓடுகிறவன் யார் என்று தெரியும். பால்மரம் வெட்டும் சின்னையா. இருபது வயசு. தோளில் காண்டாக் கம்பு, இரு பக்கமும் பால் வாளி. அந்தப் பாரத்தோடு மேட்டிலிருந்து ஸ்டோர் வரை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஓடி வருவான். வாளியை இறக்கிவிட்டால் இவனை யார் பிடிப்பது?

விடியற்காலைப் பெரட்டில், ஆட்களின் பெயர் கூப்பிட்டு முடிந்ததும், அவனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி ஒரு பிரசங்கம் செய்தேன். தோட்டத்து மானம், தமிழன் கௌரவம், வீரம், இன்னும் என்னென்னவோ. மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு ஒட்டிப்போன ஜனம் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டு நின்றது. சின்னையா தரையைப் பார்த்துக்கொண்டே, "என்னால முடியாது சார்," என்றான். அவ்வளவுதான். கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டான்.

மறுநாள் கிராணி இன்னொரு செய்தி சொன்னார். ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவனுக்கு ஒரு பீஸ் வெள்ளைத் துணி பரிசாம். அன்று சாயங்காலமே சின்னையா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான்.

"சார், நான் ஓடுறேன்."

என் பிரசங்கம் ஒருநாள் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அவன் நெளிந்தான்.

"துணி நெசமாவே குடுப்பாங்களா சார்? அம்மா பகல்ல வெளிய வந்து ரொம்ப நாளாச்சு. சாக்கச் சுத்திக்கிட்டு லயத்து வீட்டுக்குள்ளயே கெடக்குது. தண்ணிக்குக்கூட இருட்டுனப்புறந்தான் போவுது."

அவன் தாய் காளியம்மாளைப் பெரட்டில் காணவில்லையே என்று நான் ஒருநாள்கூட யோசித்ததில்லை. நான் அப்போது போட்டிருந்தது நல்ல காக்கிக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. அவன் முன்னால் அதோடு நிற்கவே கூச்சமாக இருந்தது.

2. ஊசியும் இல்லை நூலும் இல்லை

ஓட்டக்காரர்கள் கால்சட்டை போட்டுத்தான் வர வேண்டும் என்று உத்தரவு. அரிசிச் சாக்கு ஒன்று கிடைத்தது. தைக்க நூலுக்கு எங்கே போவது? தோட்டத்தில் அப்போது எல்லோரும் செய்ததையே நாங்களும் செய்தோம். சாக்கை வெட்டி, ஓரங்களில் ரப்பர் பாலைத் தடவி, ஒன்றோடொன்று ஒட்டி, கல்லை வைத்து அமுக்கிக் காயவைத்தோம். இழுத்துப் பார்த்தேன். இரும்பு மாதிரி இருந்தது. உள்ளே கோவணம் கட்டத் துணி இருந்திருந்தால் சாக்கு எதற்கு?

தினமும் பெரட்டுக்கு முன்னால், பனி விலகாத நேரத்தில் பயிற்சி. காண்டா தூக்கிப் பழகியவன் கையை வீசாமல் விறைப்பாக ஓடினான். அதை மாற்றினேன். ஓட்டம் முடியும் இடத்தில் குறுக்கே கட்டிய கயிற்றிலேயே அவன் கண் போய் நிற்கும், கால் தயங்கும். அதற்கும் ஒரு வழி சொன்னேன்.

"கயித்தப் பாக்காத. நான் கயித்துக்குப் பின்னால நிப்பேன். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே ஓடி வா."

"சரி சார்."

கால்சட்டை ஒருநாளும் பிரியவில்லை. தோட்டத்துக் காலைக் குளிரில் அது எப்படிப் பிரியும்?

3. திடல்

போட்டியன்று தோட்டத்து ஜனமெல்லாம் பாலிங்குக்கு நடந்தே வந்தது. வர வேண்டும் என்று உத்தரவு. காளியம்மாள் மட்டும் வரவில்லை. ஓட்டக்காரர்களை வெயிலில் வரிசையாக விறைத்து நிற்கச் சொல்லிவிட்டு ஜப்பான் அதிகாரி பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், சூரியன் உச்சிக்கு வந்தும் பேசினார். ஒருவனும் அசையக் கூடாது. சின்னையாவின் தொடையோரம் சாக்கின் ஒட்டு பளபளவென்று இளகிவருவதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன்.  ரப்பர் பால் வெயிலில் இளகும் என்று தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். எங்களில் ஒருவருக்கும் அது ஒட்டிய அன்றைக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

திடலை இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். முதல் சுற்றிலேயே ஒரு பக்கம் வாய் பிளந்தது. சின்னையா ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடினான். கை வீச முடியவில்லை. இரண்டு பேர் அவனைத் தாண்டினார்கள். இரண்டாவது சுற்று தொடங்கும்போது மறுபக்கமும் விட்டது.

அவன் கையை எடுத்துவிட்டான்.

சாக்கு காலடியில் விழுந்தது. திடலே சிரித்தது. எங்கள் பெண்கள் நின்ற பக்கம், பால்மரம் வெட்டும் அஞ்சலையின் குரல் கேட்டது. "திரும்புங்கடி எல்லாரும்!" அத்தனை பெண்களும் திடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள்.

முடிவுக் கயிற்றுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்ற வேறொரு தோட்டத்து வாத்தியார் சிரிப்பை அடக்க முடியாமல், "யாரு சார் இவன்? ஒங்க ஆளா?" என்றார். நான் கயிற்றின் முடிச்சைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். குனிந்தவன் நிமிரவே இல்லை. என் முழங்கையில் கயிறு வெடுக்கென்று இழுபட்டபோதுதான் யாரோ ஜெயித்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

ஜெயித்தது சின்னையா.

அதிகாரி சிரிக்கவில்லை. ஓடிவந்தவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துணியை இரண்டு கையாலும் நீட்டினார். சின்னையா வாங்கி, பிரிக்காமல் அக்குளில் இடுக்கிக்கொண்டான். நான் ஓடிப்போய், "அதச் சுத்திக்கடா!" என்றேன்.

"வேணாம் சார். அம்மாதான் மொதல்ல கட்டணும்."

என் சட்டையைக் கழற்றி அவன் இடுப்பில் கட்டினேன். அப்படியே தோட்டம் வரை நடந்தோம்.

4. மறுநாள் பெரட்டு

காளியம்மாள் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, தலைக்கு எண்ணெய் தடவியவள் போலத் தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு பெரட்டுக்கு வந்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். நேராக அஞ்சலையிடம் போனாள்.

"எப்படி ஓடுனான் எம்புள்ள?"

அஞ்சலை சேலைத் தலைப்பைத் திருகினாள். "நாங்க யாரும் பாக்கலக்கா."

காளியம்மாள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்திருப்பீங்களே சார். ரெண்டு பேரு முன்னால போயிட்டாங்களாமே. எங்க வச்சுப் புடிச்சான்? சொல்லுங்க சார், நான்தான் வர முடியல."

அவளுக்கு என்ன சொல்வது? அவன் எந்த மூலையில் எட்டிப் பிடித்தான், எப்படி முந்தினான், ஒன்றும் எனக்குத் தெரியாது. பெண்கள் அவன் மானத்துக்காகத் திரும்பினார்கள். நான் என் மானத்துக்காகக் குனிந்தேன். 

அப்போது சின்னையா கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனான். ஓட்டத்தின் கடைசியில் என் முகத்தைத் தேடி, குனிந்த என் உச்சந்தலையைப் பார்த்தவன் அவன். நிற்காமலே சொன்னான்.

"சார் கண்ண எடுக்கவே இல்லம்மா. அவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் ஓடுனேன்."

காளியம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளை ஓடவிட்டிருக்கிறேன். ஜெயித்தவன், தோற்றவன், பாதியில் விழுந்தவன், வாந்தி எடுத்தவன். ஒருத்தனிடமிருந்தும் கண்ணை எடுத்ததில்லை. மோட்டிவேஷன் எப்படிக் கொடுப்பது என்று கேட்கிறீர்களே தம்பிகளா, பிள்ளைகள் அதைத் தங்கள் வீட்டிலிருந்தே கொண்டு வந்துவிடுகிறார்கள். கயிற்றுக்குப் பின்னால் நிமிர்ந்து நில்லுங்கள். எனக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.