காஜாக்கா கொடுத்த சுண்ணாம்புச் சத்து

சின்னவளின் மாத்திரை டப்பா காலியாகவே இல்லை. கர்ப்பிணிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை கொடுக்கும் சுகாதார நிலையத்தில், "இன்னும் வரலம்மா, அப்புறமா வந்து பாருங்க" என்று கையை விரித்து வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் அலமாரியில் இருக்கும் தகர டப்பாவைத் திறந்தால் அடியில் நாலைந்து வெள்ளை மாத்திரைகள் கிடக்கும். புருஷன் வாங்கிவந்து போடுகிறான் என்று சின்னவள் நினைத்தாள். முன்பு கொடுத்ததே இன்னும் ஓடுகிறது என்று புருஷன் நினைத்தான். குடத்தில் தண்ணீர் இருந்தால் யார் பிடித்து வைத்தது என்று யார் கேட்கிறார்கள்?

போட்டவள் ஓரகத்தி, புருஷனுடைய அண்ணன் மனைவி. தன் பாட்டிலிலிருந்து எடுத்து, சத்தம் கேட்காமல் டப்பாவில் போட்டு, மூடியை முன்பிருந்தபடியே வைத்துவிட்டுப் போவாள்.

அவளைத் தெருவே காஜாக்கா என்றுதான் கூப்பிடும். சட்டைக்குப் பொத்தான் துளை போடுவதைக் காஜா எடுப்பது என்பார்கள். ஆயத்த ஆடை தைக்கும் பட்டறையில் அந்த மெஷினுக்கு அவள்தான். நூல் சுற்றி முடிந்ததும் மெஷினின் குட்டிக் கத்தி விழுந்து துணியைப் பிளக்கும். கோணலாக விழுந்தால் சட்டையே வீண். அதனால் வேலை நேரத்தில் அவள் யாரோடும் பேச மாட்டாள். அந்தப் பாக்கியை எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் வட்டியோடு பேசித் தீர்ப்பாள்.

கல்யாணமாகி வந்த கொஞ்ச காலத்திலேயே காஜாக்காவின் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டார் கூப்பிட்டும் போகவில்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த கொழுந்தனை வளர்த்து, ஆளாக்கி, சின்னவளைப் பார்த்துக் கட்டி வைத்தாள். ஆண்டவன் எடுத்ததைப் பற்றி ஒருநாளும் அவள் முறையிட்டதில்லை. காலையில் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கும்போதுகூட, "இன்னைக்கு ஊசி உடையாம பாத்துக்கப்பா" என்பதுதான் அவள் வேண்டுதல்.

சின்னவளுக்கு இரண்டு கரு தங்கவில்லை. இது மூன்றாவது. கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு சின்னவள் அலறும்போதெல்லாம் உட்கார்ந்து உருவிவிட்டவளும் காஜாக்காதான்.

அவளுக்கே உடம்பு சரியில்லாமல்தான் இருந்தது. கழுத்தில் கட்டி வந்து ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்திருந்தார்கள். "ஆண்டவன் என் கழுத்துல காஜா எடுத்துட்டான், பொத்தான் வைக்கத்தான் மறந்துட்டான்" என்று தழும்பைக் காட்டிச் சிரிப்பாள். வீட்டுக்கு அனுப்பும்போது, அவசரத்தில் இருந்த ஒரு நர்ஸ் பாட்டிலைக் கையில் கொடுத்து, "எலும்புக்குச் சத்து மாத்திரை, விடாம போடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். எலும்புக்கு என்ற சொல் காஜாக்காவின் மனசில் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

முதலில் கைதான் காட்டிக்கொடுத்தது. ஒருநாள் துணியைத் தள்ளும்போது வலது கை விரல்கள் ஐந்தும் குவிந்து, கட்டை விரல் உள்ளே மடங்கி, விறைத்துப் போயின. இடது கையால் பிரித்தாலும் பிரியவில்லை. வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்த மேஸ்திரி நின்றார்.

"என்ன காஜாக்கா, வாயில ஊட்டிவிடற மாதிரி கையை வச்சிருக்கீங்க? யாருக்கு?"

"உனக்குத்தான்யா. உன் வாய்தானே எப்பவும் தொறந்து கெடக்கு."

வரிசை முழுக்கச் சிரித்தது. அதே பட்டறையில் மடித்து உறை போடும் மேஜையில் வேலை பார்த்த சின்னவளும் சிரித்தாள். சிரித்ததைப் பிற்பாடு நினைத்து நினைத்து நெஞ்சு வெந்தாள்.

அதற்குப் பிறகு உதட்டைச் சுற்றி எறும்பு ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டாள். படுத்தால் மூச்சு முட்டியது. பாதம் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

"உப்புதான் காரணம். உப்பை நிறுத்துங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கொழுந்தன் அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டான். காஜாக்காவுக்குத் தனியாக உப்பில்லாமல் சமைத்தார்கள்.

"உப்புப் போட்டுத் திங்கிறவளுக்குத்தான் சொரணை வேணும். இனிமே நீங்க என்ன திட்டுனாலும் எனக்கு ஒறைக்காது" என்று அதையும் கேலியாக்கினாள். வீக்கம் கொஞ்சம் வற்றியது. சரியான மருந்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எல்லாரும் மூச்சு விட்டார்கள். வேறு எங்கும் போய்க் காட்டத் தோன்றவில்லை.

பட்டறையில் மெஷின் மேலேயே சரிந்து விழுந்தாள். நல்லவேளை, கத்தி அப்போது மேலே இருந்தது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா சின்னவளைக் கூப்பிட்டார்.

"இவங்க மாத்திரை ஒழுங்கா போடறாங்களா?"

"போடறாங்கம்மா. மாசா மாசம் வாங்கிட்டு வராங்க. பாட்டிலும் தீந்துபோகுது."

"பாட்டில் தீந்துடுச்சு, ரத்தத்துல ஒண்ணுமே இல்லையே! கட்டியோட சேத்துக் கழுத்துல சின்னச் சின்ன சுரப்பியும் போயிடுச்சும்மா. ரத்தத்துல சுண்ணாம்புச் சத்தைக் காவல் காக்கறது அதுங்கதான். அதுங்க இல்லாதவங்களுக்கு மாத்திரைதான் உசுரு."

"எலும்புக்குன்னுதானே சொன்னாங்க?"

டாக்டரம்மா தன் கையை விரித்து, பிறகு முஷ்டியாக இறுக்கிக் காட்டினார். "நெஞ்சும் சதைதான். ஒவ்வொரு துடிப்புக்கும் உப்புல இருக்கற சோடியம் முதல்ல உள்ள ஓடும். அது குரல் கொடுக்கற மாதிரி. அந்தக் குரல் கேட்டுச் சுண்ணாம்புச் சத்து உள்ள வரும். அது வந்தாத்தான் சதை இறுகும், ரத்தம் வெளிய போகும். இறுகினது தளரணும்ல? மறுபடியும் சோடியம் உள்ள வந்து அதை வெளிய தள்ளும். ரெண்டும் மாறி மாறிப் போய்வந்தாத்தான் துடிப்பு. இவங்களுக்குக் குரல் கேக்குது, இறுக்கறதுக்கு ஆள் பத்தல. அடிச்சு அடிச்சு நெஞ்சு களைச்சுப்போய்ப் பெருசாகிடுச்சு."

"உப்பைக் குறைச்சோமே?"

"அது தப்பில்ல, வீக்கத்துக்கு நல்லதுதான். ஆனா உப்புக் கதவை மட்டும் பூட்டிட்டு, சுண்ணாம்புச் சத்து போற கதவைத் தொறந்தே வச்சுட்டீங்க. இப்ப நரம்பு வழியா ஏத்தறோம். மெதுவாத்தான் ஏத்தணும், வேகமா ஏத்துனா அதுவே நெஞ்சை நிறுத்திடும். தேறினவங்க இருக்காங்க. இவங்க ரொம்பத் தாமதமா வந்திருக்காங்க."

டாக்டரம்மாவின் மேஜை மேல் இருந்த, காஜாக்காவுக்குக் கொடுக்கும் மாத்திரையைச் சின்னவள் அப்போதுதான் பார்த்தாள். நீளவாக்கில், நடுவில் கோடு போட்டு, ஓரத்தில் வளையம் மாதிரி ஒரு முத்திரை. அவள் டப்பாவில் கிடப்பதும் அதே மாத்திரை.

கட்டிலருகே போய், "அக்கா, என் டப்பாவுல போட்டது நீங்களா?" என்றாள்.

காஜாக்கா சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தையே பார்த்தாள்.

"கேக்கறேன்ல?"

"கத்தாதடி, பக்கத்துக் கட்டில்ல தூங்கறாங்க. எலும்புக்குன்னுதான் சொன்னாங்க. எனக்கு இனிமே எலும்பு வளந்து என்ன, பந்தயத்துல ஓடப்போறேனா? உள்ள இருக்கறதுக்குத்தானே வேணும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"சொன்னா வாங்கியிருப்பியா, ரோஷக்காரி?"

சின்னவள் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்து அழுதாள். இத்தனை நாளும் விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையும் தொண்டையில் திரும்பி வந்து நிற்பதுபோல் இருந்தது. இனி சோறு தண்ணி தொடமாட்டேன், அக்கா எழுந்து வீட்டுக்கு வந்தால்தான் தொடுவேன் என்று ஆண்டவனிடம் நேர்ந்துகொண்டாள். வயிற்றுப் பிள்ளையோடு மத்தியானம் முழுக்கப் பட்டினி கிடந்தாள். புருஷன் கெஞ்சியும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

சாயங்காலம் காஜாக்காவின் விரல்கள் பிரிந்தன. மூச்சும் கொஞ்சம் இலகுவானது. நேர்ச்சை பலித்துவிட்டதென்று சின்னவள் நம்பினாள். ஆனால் களைத்த நெஞ்சு அந்த இரவைத் தாண்டவில்லை. தாளம் தப்பிவிட்டது, எவ்வளவோ பார்த்தோம் என்று காலையில் சொன்னார்கள். சின்னவள் போனபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது.

சில மாதம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. தூக்கிப் பார்த்த மருத்துவச்சி, "நல்ல கெட்டியான எலும்பு" என்றாள். சின்னவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆண்டவன் ஏன் அப்படிச் செய்தான் என்று அவள் இன்றைக்கும் கேட்பதில்லை. கேட்க வாய் வரும்போதெல்லாம் அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வரும். பார்வையாளர்கள் வெளியே போகவேண்டும் என்று மணி அடித்துவிட்டார்கள். பட்டினிச் சங்கதியைப் புருஷன் அக்காவிடம் போட்டுக்கொடுத்திருந்தான். காஜாக்கா சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்:

"என் உசுருக்கு நீ பட்டினி கெடந்து பேரம் பேசறியா? எடுக்கறதும் கொடுக்கறதும் அவன் வேலைடி, நீ நடுவுல போகாத. நேரா வீட்டுக்குப் போ. வயிறு நெறையச் சாப்பிடு. எடது பக்கமா ஒருக்களிச்சுப் படு."