அழாதவன்தான் கொலைகாரன்

அழாதவன்தான் கொலைகாரன் என்று நம்பியவன் நான். எல்லாம் சினிமா கொடுத்த ஞானம்.

நானும் என் மனைவியின் தம்பியும் டிவியில் ஒரு கொலைப்படம் பார்த்தோம். சின்ன ஊர். உரக்கடைக்காரர் கிணற்றில் செத்து மிதக்கிறார். கடைசிக் காட்சியில் அவருடைய மகன் துக்கப் பந்தலில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. படம் முடிந்துவிட்டது.

"என்ன மச்சான், யாரு கொன்னான்னு சொல்லாமலே முடிச்சுட்டாங்க?"

"மகன்தான் மாப்ள. பஸ்ஸுக்கு ஒக்காந்திருக்கவன் மாதிரி இருக்கான் பாரு."

மூன்று வாரம் கழித்து, விராலிமலைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துப் பம்புசெட்டுத் தொட்டியில் அப்பா குப்புறக் கிடந்தார். விடிந்ததும் மோட்டார் போடப் போனவர். முதலில் பார்த்ததும் நான், தூக்கியதும் நான். தண்ணீரில் கிடந்த உடம்பு என்பதால் போலீஸ் வந்து, புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தது.

வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். எங்கள் பக்கம் துக்கம் கேட்க வருகிற ஆண்களிடம், உட்கார்ந்திருப்பவன் இரண்டு கையையும் நீட்ட வேண்டும். அவர்கள் தொட்டுவிட்டு நகர்வார்கள். நீட்டினேன். தொட்டார்கள். யாரோ ஒருவனுடைய கையைத் தொடுகிறார்கள் போலிருந்தது. அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். தொட்டியின் பாசிதான் ஞாபகம் வந்தது.

ஓரமாக ஏட்டு நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார். போச்சுடா என்றாகிவிட்டது எனக்கு. எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய், துண்டு நுனியால் கண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தேன். சிவந்ததே தவிர நனையவில்லை.

மைத்துனன் தேடி வந்துவிட்டான். "இங்கிட்டு என்ன பண்றீங்க மச்சான்?"

"மாப்ள, ஏட்டய்யா கேட்டா, காலையில ஆறு மணிக்கு நான் ஒன்கூட டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன்னு சொல்லிரு."

"நான் வந்ததே ஒம்போது மணி பஸ்ல. அந்த ஏட்டய்யாதான என்னய பஸ்ஸ்டாண்டுல இருந்து வண்டியில கூட்டியாந்தாரு."

"எனக்கு அழுகை வரலடா."

வேறு நாளாயிருந்தால் ஒரு மாதம் ஓட்டியிருப்பான். "வாங்க, வந்து ஒக்காருங்க" என்று மட்டும் சொன்னான்.

உட்கார்ந்தேன். அந்த உரக்கடைக்காரர் மகன் எதையும் மறைக்கவில்லை என்பது அப்போது புரிந்தது. மறைக்க அவனுக்குள் ஒன்றுமே ஓடியிருக்காது. அடுத்த ஆள் வந்தார். கையை நீட்டினேன்.

சாயங்காலம் டாக்டர் சொன்னதை ஏட்டு வந்து சொன்னார். நுரையீரலில் தண்ணீர் இல்லை. மாரடைப்பு. தொட்டியில் விழுவதற்கு முன்பே அப்பா இறந்திருந்தார்.