பின்சுவரில் மாட்டிய ஏசி

மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கிறது. முகப்பில் கைவைக்கக் கூடாது என்பதால் என் ஏசியின் வெளி யூனிட்டைப் பின்சுவரில் மாட்டியிருந்தேன்.

மின்சாரச் செலவைக் குறைக்கும் சீரமைப்புக்கு முன்னால், எந்த அறை அதிகம் சூடாகிறது என்று பொறியாளர் ஒரு பிற்பகலில் அளந்தார். சங்கச் செயலாளரான நான் கூடவே போய்க் குறித்துக்கொண்டேன். மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள வீடுகளைவிட, என் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் பாட்டு டீச்சரின் பின்னறை அதிகமாகச் சுட்டது. மூடியிருந்த மர ஜன்னலைத் திறக்காமலே, "மேற்கு வெயில் சார்" என்றார் பொறியாளர். ஜன்னலுக்கு வெளியே என் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். "மேற்கு வெயில்" என்றே எழுதினேன்.

பொறியாளர் அடுத்த வீட்டுக்குப் போனதும் டீச்சர் சிரித்தார்.

"வெயில் ஆறு மணிக்குப் போயிடறது மாமா. உங்க ஏசி எட்டே காலுக்குன்னா நிக்கறது. அப்பறந்தான் ஜன்னலைத் திறப்பேன். பாட்டு கிளாஸையே அதுக்கப்பறம் மாத்திண்டுட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா மீட்டிங் மினிட்ஸ்ல ஏத்திடுவேளே. அந்த பயந்தான்."

எட்டே கால் சரிதான். தினமும் ஏசியை அணைத்துவிட்டு நாட்குறிப்பு எழுத உட்காருகிற நேரம் அது. ஆனாலும் அறிக்கையைத் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதை வாசித்தேன். டீச்சர் முன்வரிசையில் இருந்தார். "மேற்கு வெயில்" என்ற வரி வந்ததும் என் குரல் இறங்கிவிட்டது. பின்னாலிருந்து ஒருவர், "கேக்கல சார், கொஞ்சம் சத்தமா" என்றார். மறுபடி, சத்தமாக வாசித்தேன்.